எங்கள் தெருவின் பொதுப் பெரியவர்

அறுபத்திரண்டு வயது வரை என் தலைமுடி கன்னங்கரேல் என்று இருந்தது. கடவுள் கொடுத்ததல்ல. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு, குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நானே பூசிக்கொண்டது. பிறகு மண்டையெல்லாம் அரிப்பு எடுத்து, டாக்டர் சாயத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மூன்றே மாதத்தில் தலை முழுக்கப் பஞ்சு. கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. நாலு நாள் வெளியே தலைகாட்டாமல் கிடந்தேன்.

"இன்னாத்துக்கு இப்படி மொகத்தத் தொங்கப்போட்டுக்கினு ஒக்காந்திருக்கீங்க? முடிதானே நரைச்சுது, குடியா முழுகிப்போச்சு?" என்றாள் என் மனைவி. பையைக் கையில் திணித்து மீன் வாங்கி வரச் சொல்லித் துரத்தினாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஏறி ஒரு கம்பியைப் பிடித்தேனோ இல்லையோ, காதில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையன் சடாரென்று எழுந்து, "ஒக்காருங்க" என்றான். எனக்கு வந்ததே கோபம்! ஏன், எனக்கு என்ன கால் இல்லையா? முப்பத்தைந்து வருஷம் கவர்ன்மெண்ட் ஆபீசில் வேலை பார்த்தவன், ஒரு நாள் மெடிக்கல் லீவு எடுத்ததில்லை. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வழிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து இறக்கி உட்காரவே வைத்துவிட்டார்கள். ஜன்னலோர சீட்டு. நல்ல காற்று. இரண்டு நிறுத்தம் போவதற்குள் என் கோபம் ஆறிப்போயிற்று. மூன்றாவது நிறுத்தத்தில், இது தெரியாமல் இத்தனை வருஷம் சாயம் பூசித் தொலைத்தோமே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

பெரிய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கீழே தண்ணீர், மேலே கூடை, நடுவில் முழங்கை. அன்றைக்குக் கூட்டம் எனக்குத் தானாக விலகியது. "ஏய், வயசானவரு வர்றாரு, பாத்து!" என்று யாரோ ஒரு இளவட்டம் குரல் கொடுக்க, கூடை சுமந்து வந்தவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். மீன்காரம்மா கூட, "மொதல்ல அவர அனுப்பிடறேன், பாவம்" என்றாள். முக்கால் மணி நேரத்தில் வஞ்சிரத்தோடு வீட்டு வாசலில் நின்றேன். மனைவி பையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் பீச்சில் எங்களுக்கு ஒரு கோஷ்டி உண்டு, எல்லாம் ஓய்வு பெற்ற கேசுகள். தினமும் ஒரு மணி நேரம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை, பெரியவர் சின்னவர் பேதம் இல்லை என்று திட்டித் தீர்ப்போம். திட்டுவதற்கு வசதியாக உட்கார பெஞ்சு வேண்டுமே? நாங்கள் வருவதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள்தான் தினமும் எழுந்து இடம் கொடுப்பார்கள். அதில் உட்கார்ந்துகொண்டுதான் திட்டுவோம்.

என் தலையின் மதிப்பைத் தெரு கண்டுபிடிக்க அதிக நாளாகவில்லை. ஆதார் அட்டையில் விலாசம் மாற்ற நான் போனது காலை பத்து மணிக்கு, திரும்பி வந்தது பத்தே முக்காலுக்கு. பக்கத்து வீட்டம்மா இதே வேலைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு வந்தவள். "எப்படிண்ணா?" என்று கேட்டாள். நரைத்த தலையைத் தடவிக்கொண்டேன். அடுத்த வாரம், "அண்ணா, நீங்க கூட வந்து வரிசையில நின்னா போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள். போனேன். நின்றேன். முடிந்தது. அதோடு ஆரம்பித்ததுதான்! ரேஷன் கடை, போஸ்டாபீஸ், கேஸ் ஏஜென்சி, கோயிலில் வைகுண்ட ஏகாதசி வரிசை என்று தெருவில் யாருக்கு எந்தக் கூட்டத்தில் வேலை இருந்தாலும் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கல்யாணத்துக்குப் பந்தல்காரரைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிட்டார்கள்.

வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. சத்தியமாக இல்லை. ஆபீசில் என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இப்போது ஊரே வழிவிட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு. தொழிலை நன்றாகப் பழகிக்கொண்டேன். வெயில் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்க வேண்டும், அதை ஊன்றித்தான் நடக்க வேண்டும். இடத்தை மட்டும் வாய்விட்டுக் கேட்கவே கூடாது. கேட்டால் சண்டைக்காரக் கிழவன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வரிசையின் கடைசியில் நின்று, காலை மாற்றி மாற்றி வைத்து, ஒரு பெருமூச்சு விட்டால் போதும். யாராவது ஒரு நல்ல பிள்ளை திரும்பிப் பார்க்கும். இந்த ஊரில் ஒரு வரிசைக்கு ஒரு நல்ல பிள்ளையாவது கட்டாயம் இருக்கும்.

எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முதுகு கம்பு மாதிரி நேர், தலையும் மீசையும் மை. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். அவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகி, "நீங்க ஒக்காருங்க" என்றேன். "நோன், மெர்சி" என்று பிரெஞ்சிலேயே மறுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. இறங்கியதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த மைய நிறுத்துங்க முசியே, நாளைக்கே உங்களுக்கும் சீட்டு கெடைக்கும்" என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

"பெரிய சேவை பண்றதா நெனப்பு உங்களுக்கு" என்பாள் மனைவி. "பின்னாடி நிக்கிறவனும் வேல இருக்கறதாலதானே நிக்கிறான்?" நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் பக்கத்து வீட்டம்மாவின் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது, கண்ணாடி போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், அதற்குள் கண்ணாடியை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துவிட வேண்டும் என்று தாய்க்கு அவசரம். லென்ஸ் எந்தக் கண்ணாடிக் கடையிலும் பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அந்தம்மாவுக்கு அது போதாது. ஒரு கண் ஆஸ்பத்திரிக்குச் சென்னையிலிருந்து புதன்கிழமை மட்டும் பெரிய டாக்டர் ஒருவர் வருவார். "அவரு வாயால சொல்லிட்டா மனசுக்கு நிம்மதிண்ணா" என்றாள். அவர் ஒரு நாளில் முப்பது பேரைத்தான் பார்ப்பார். ஏழு மணிக்கு டோக்கன். யார் பேருக்கு வேண்டுமானாலும் யாரும் நின்று வாங்கலாம். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் போனபோது வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. வழக்கம்போலக் கடைசியில் நின்றேன். கால் மாற்றினேன். பெருமூச்சு விட்டேன். ஒருவர் பின் ஒருவராக முன்னால் தள்ளி, கவுண்டருக்குக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு முன்னால் ஒரே ஒருவன். இருபத்தைந்து வயது இருக்கும். ஏதோ கம்பெனியின் நீலச் சட்டை. விடிவதற்கு முன்பே வந்து நிற்கிறவன் முகம். திரும்பி என்னைப் பார்த்தான், குடையைப் பார்த்தான்.

"நீங்க வாங்கிக்கங்க பெரியவரே" என்று ஒதுங்கினான்.

பேரையும் வயதையும் சொல்லி வாங்கினேன். முப்பதாவது டோக்கன். எனக்குப் பின்னால் கவுண்டர் பெண், "அவ்ளோதாங்க, இன்னிக்கு முடிஞ்சிடுச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது. விழுந்தால் என்ன? எத்தனை கவுண்டரில் எத்தனை முறை கேட்ட வார்த்தை! ஹாலில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தாயும் மகளும் ஸ்கூட்டரில் வரக் காத்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த உடம்பு, கடலுக்குப் போகிறவரின் உப்பேறிய கை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்காது, என்னைவிடச் சின்னவர். இடது கண் வெளுத்திருந்தது. அந்த நீலச் சட்டைப் பையன் வந்து அவர் முன்னால் குந்தினான்.

"டோக்கன் முடிஞ்சிடுச்சுப்பா."

"நாலு மணிக்கே வந்தமேடா?"

"நம்ம மொறை வந்துச்சுப்பா. பின்னாடி ஒரு பெரியவரு நின்னுக்கினு இருந்தாரு. கால் முடியல அவருக்கு. முன்னாடி விட்டுட்டேன். அவரோட முடிஞ்சிடும்னு எனக்குத் தெரியாது."

அவன் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தான். அவர்கள் ஊர் கனகசெட்டிக்குளத்து டாக்டர் இந்த வாரமே காட்டச் சொன்னதையும், இடது கண்ணுக்கு இப்படி நாள் தள்ளித் தள்ளித்தான் போயிற்று என்பதையும், சர்க்கரை நோயால் வலது கண்ணும் மங்கி ஒரு மாதமாக வலைக்கண்ணி தெரியவில்லை என்பதையும், தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிக்கொண்டே போனான். அடுத்த புதன் வரை அந்த ஒரு கண் தாங்குமா? அதைக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

"உடுடா" என்றார் அப்பா. "வயசானவர நிக்க வச்சிட்டு நாம வாங்கிக்கினு போனா நல்லாவா இருக்கும்? நீ செஞ்சதுதான் சரி."

அப்போதுதான் பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிரித்தான். "இவருதாம்பா அது."

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை, குரல் வரும் இடத்தைத் தேடுவதுபோல் பார்த்தார். "உங்களுக்குக் கண்ணு இன்னாங்க பண்ணுது?" என்று கேட்டார். நிஜமான அக்கறை. என் கண் இரண்டும் ஊசியில் நூல் கோத்துத் தரும் கண்.

பையனின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்ன ஏது என்று புரியாமல் வந்தான். டோக்கனை அவன் கையில் வைத்தேன். படித்தான். பெண் பெயர். வயது இருபத்துமூன்று. என்னைப் பார்த்தான். மறுபடி டோக்கனைப் பார்த்தான். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் டோக்கனைத் திருப்பி என் கையிலேயே வைத்தான்.

கவுண்டருக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன், குடை பெஞ்சிலேயே கிடந்தது. பேர் ஏறிவிட்டால் மாற்ற முடியாது, அந்த நோயாளி வரவில்லை என்றால் அந்த இடத்தை அடுத்து நின்றவருக்குக் கொடுக்கலாம் என்றாள் அந்தப் பெண். பக்கத்து வீட்டம்மாவுக்கு போன் போட்டேன்.

"அண்ணா, கெளம்பிட்டோம். அஞ்சே நிமிஷம்."

"வராதீங்க."

"ஏன், டோக்கன் கெடைக்கலயா? நீங்க போயுமா கெடைக்கல?"

"கெடைச்சுது. தர மாட்டேன்."

"இன்னாண்ணா வெளையாடறீங்க? ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்கண்ணா!"

"கண்ணாடியோட பாக்கட்டும்மா. கண்ணாடி போட்ட பொண்ணத்தானே கட்டிக்கப்போறான்!" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு வைத்தேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வைத்த கையோடு கவுண்டர் பெண்ணிடம், "அவங்க வரல. இவங்களுக்குப் போடுங்க" என்றேன். அவள் என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதினாள்.

பன்னிரண்டு மணி வரை அவர்களோடு ஹாலிலேயே இருந்தேன். போயிருக்கலாம். போக முடியவில்லை. எல்லாவற்றையும் அந்த மனிதரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், வாய் வராது. பையன் டோக்கன் கிடைத்துவிட்டது என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். கடைசியில் உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

அவர் எழுந்ததும், "யாருப்பா டோக்கன் குடுத்தது? வேற யாருனா வரலயா?" என்று மகனிடம் கேட்டார்.

"இந்தப் பெரியவருதாம்பா. அவரோடத நமக்குக் குடுத்துட்டாரு" என்றான் பையன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "நல்லா இருப்பீங்க. அப்ப நீங்க எப்ப காட்டுவீங்க? உங்க கண்ணு இன்னா ஆவறது?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பையன் முந்திக்கொண்டான்.

"அவரு அடுத்த புதங்கெழம வந்து காட்டிக்குவாருப்பா. நீ வா."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் விரல்களை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்து, தோளைப் பிடித்து, உள்ளே அழைத்துக்கொண்டு போனான்.