கேபினட்டுக்குள் எலிக்கூடு

நேற்று என் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது. கேபினட்டைத் திறந்ததும் எலி மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது. பெரிய காஞ்சிபுரத்தில் நான் வளர்ந்த வீடு அப்படியே கண்முன் வந்துவிட்டது.

அங்கே அப்பாவின் தங்கை, என் அத்தை, கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவந்தாள். ஒருநாள் அது விடாமல் பீப் சத்தம் போட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா ஓங்கித் தட்டிப் பார்த்தார். அத்தை திருப்புளியால் கேபினட்டைக் கழற்றினாள். உள்ளே எங்கள் வீட்டுத் தறியின் பட்டு நூல் துணுக்குகளால் கட்டிய எலிக்கூடு. கண் திறக்காத குட்டிகள் புழுக்களைப்போல் நெளிந்தன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"த்தூ! பொட்டியோட தூக்கிக் கடாசும்மா!" என்றார் அப்பா.

"இதுலதான் எனக்கு வேலை ஓடிக்கினு இருக்குது. நீ அப்பால போண்ணா."

அத்தை கூட்டை முறத்தில் அள்ளி அப்புறப்படுத்தினாள். புழுக்கையைத் துடைத்து, ரேம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினாள். திரை ஒளிர்ந்தது.

குளித்துவிட்டு வந்து இட்லி பரிமாறினாள். அப்பா தட்டைத் தள்ளினார். "உன் கையால வேணாம்."

அத்தை அந்தத் தட்டையே இழுத்துவைத்து, அவர் எதிரிலேயே சாப்பிட்டு முடித்தாள்.

நேற்று நானும் உள்ளே சுத்தமாகத் துடைத்தேன். நாற்றம் போய்விட்டது. அப்பா தட்டைத் தள்ளிய விதத்தை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.