படகுக்குப் பொருந்தாது

எங்கள் அகத்தில் இங்கிலீஷ் எழுத்து எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மாமனார் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு மதராஸில் உத்தியோகம். நான் திருச்சியில் ஆறாவது பாரம் வரை படித்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு மருமகளாக வந்தவள். எதையும் முழுதாகப் படிப்பேன், பொடி எழுத்தைக்கூட விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மாமனாருக்குக் காசி, பிரயாகை யாத்திரை போக ஆசை. மாமியார் பிடிகொடுக்கவில்லை. என் நாத்தனாருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

"கொள்ளிடம் பாலம் தாண்டறதுக்குள்ளயே நான் கண்ணை மூடிண்டுடுவேன். ரெண்டு பேரும் ஒரே ரயில்ல போய் ஏதாவது ஆச்சுன்னா இவ கல்யாணத்துக்கு யார் இருக்கா? பிள்ளை சம்பளம் அவனுக்கே போறலை," என்றார் மாமியார்.

திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரயில் பயணத்துக்கென்று ஒரு மாதப் பாலிசி கொடுத்தார்கள். மாமனார் போய் இருவர் பெயரிலும் எடுத்துவந்தார். விபத்து ஏதாவது நேர்ந்தாலும் அந்தப் பணம் வரும், பெண் கல்யாணம் நின்றுபோகாது. மாமியார் அரை மனதாகத் தலையாட்டினார்.

பாலிசி என்னிடம் வந்தது. முதல் வரியிலேயே எனக்கு உதைத்தது. ஆரம்ப நாள் புதன்கிழமை என்று போட்டிருந்தது. அவர்கள் ரயில் ஏறப்போவதோ அடுத்த திங்கட்கிழமை.

"புதன்கிழமைதானே பரஸ்தானம் வச்சோம்?" என்றார் மாமனார், வெகு நிதானமாக.

ரயில் ஏறும் நாள் நல்ல நாளாக அமையாவிட்டால், முன்னதாக ஒரு நல்ல வேளையில் பயண மூட்டை ஒன்றைப் பக்கத்து அகத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அதுதான் பரஸ்தானம். அத்தோடு யாத்திரை கிளம்பியதாகக் கணக்கு. பிறகு ஊருக்குப் போகிற அன்று மூட்டையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று ஆபீஸில் கேட்டதற்கு மாமனார் பரஸ்தானம் வைத்த நாளைச் சொல்லியிருக்கிறார். இங்கே மூட்டை பக்கத்து அகத்து மூலையில் உட்கார்ந்திருக்க, அங்கே பாலிசியின் நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. போய்வர முழுதாக ஒரு மாதம் ஆகும்; திரும்பி வருகிற கடைசி நாட்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

"திங்கட்கிழமைன்னு மாத்திண்டு வரணும், மாமா."

"அப்ப புதன்கிழமை நான் கிளம்பவே இல்லைன்னு என் வாயால சொல்லச் சொல்றியா? பார்த்துப் பார்த்து வச்ச வேளை என்னத்துக்கு ஆகும்?" அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"அப்ப நான் வரலை," என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

நான் லேசில் விடுகிறவள் இல்லை. கடைசிவரை படித்தேன். கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தில், வேண்டியது கிடைத்தது.

"மாமா, மூட்டை முடிச்சுக்கு இந்தப் பாலிசி கிடையாதுன்னு போட்டிருக்கு. ஆளுக்கு மட்டும்தான். புதன்கிழமை கிளம்பினது மூட்டை. அது கிளம்பலைன்னு யாரும் சொல்லலையே. நீங்களும் அம்மாவும் என்னைக்கு ரயில் ஏறறேள்னுதான் அவா கேக்கறா."

நியாயம் பிடித்துவிட்டால் மாமனாருக்குக் கோபம் நிற்காது. மறுநாளே திருச்சிக்குப் போய்த் தேதியை மாற்றிக்கொண்டு வந்தார்.

மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னும் எதுக்கெல்லாம் கிடையாது, சொல்லு."

"ஜுரம், வயித்துவலிக்குக் கிடையாது."

"ஜட்கா வண்டி கவிழ்ந்தா?"

"கிடையாது."

"படகு?"

"கிடையாதும்மா. ரயிலுக்கு மட்டும்தான்."

"ரொம்ப நன்னாருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பில் இருந்த தளிகையைப் பார்க்கப் போய்விட்டார்.

போனவர்கள் சௌக்கியமாகத் திரும்பி வந்தார்கள். வந்ததும் வராததுமாக மாமனார் என்னிடம் புலம்பினார். பிரயாகையில் நதிகள் கூடுகிற இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் போவதே அந்த ஒரு முழுக்குக்காகத்தான். மாமியார் படகில் ஏற மறுத்துவிட்டாராம். மாமனாரை மட்டும் அனுப்பிவிட்டுக் கரையிலேயே நின்று, அவர் சொம்பில் கொண்டுவந்த தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாராம்.

"படகுக்குக் கிடையாதுன்னு இவ படிச்சுச் சொன்னாளே. ரெண்டு பேரும் ஒரே படகுல எப்படிப் போறது?" என்றார் மாமியார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. என்னைச் சாட்சிக்கு அழைத்தார், அவ்வளவுதான். நாத்தனார் அம்மாவின் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள்.

அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அவளைப் புக்ககத்தில் கொண்டுவிட்டு வந்த கையோடு, மறுபடி பிரயாகை போக வேண்டும் என்றார் மாமியார். நாள் பார்க்கச் சொல்லி, பரஸ்தான மூட்டையைத் தாமே பக்கத்து அகத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"மாமாவைப் பாலிசி எடுக்கச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவதான் புக்காத்துக்குப் போயாச்சே," என்றார். "இந்தத் தடவை நான் படகுல போகப்போறேன்."