மூன்றாவது ஓலை

காஞ்சிரங்குளத்துக்காரர்களுக்கு அவள் சரோஜம். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பள்ளி என்று சொல்லும் தேவாலயத்தைப் பெருக்கித் துடைத்து, பெஞ்சுகளை நேராக்கி, பீடத்து ஜாடியில் பூ மாற்றி வைக்கிற சரோஜம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஊர் எங்கோ கிழக்கே. அதற்கு மேல் யாராவது நோண்டினால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவாள்.

சரோஜம் என்று பேர் வைத்தது போலீஸ். பெற்றவர்கள் வைத்த பேர் ஆனந்தபாய். மலையோரத்து அம்பூரியில் ரப்பர் வெட்டிப் பிழைத்தவள். புருஷன் ஜெயசிங் செத்த பிறகு அவனுடைய கத்தியை எடுத்துக்கொண்டு, அவன் வெட்டின மரங்களுக்கே போனாள். ஒரு விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த நேசையனை, அந்தத் தோட்டக்காரரின் மகனும் இன்னொருவனும் வெட்டிச் சாய்த்ததை நாலு மரத்துக்கு அப்பால் நின்று பார்த்தாள். நெற்றி விளக்கைச் சட்டென்று அணைத்ததால் தப்பித்தாள். கண்டதை அப்படியே கோர்ட்டில் சொன்னாள். தோட்டக்காரரின் மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவன் மேல்கோர்ட்டுக்குப் போய் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வந்ததும் அவன் ஆட்கள் விசாரித்த முதல் வீடு அவளுடையது.

மகள் லிஜி அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடு பேரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ அவளுக்கு மனம் இல்லை. வயதுப் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது?

"கண்டத காணல்லன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா போதும் இல்லியா, அம்மா? செத்தவரு எழும்பியா வரப்போறாரு?"

"நேசையனுக்க பிள்ளையளுக்க மொகத்துல நான் எப்பிடி மக்கா முழிக்க?"

"அப்ப எனக்க மொகத்துல முழிக்காண்டாம்."

அதுதான் லிஜி கடைசியாகச் சொன்னது. அவள் பாறசாலையில் அத்தை வீட்டுக்குப் போனாள். ஆனந்தபாய்க்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு தடவை கட்டிப்பிடித்திருக்கலாம். செய்யவில்லை. திரும்பிப் பார்க்காமல் போலீஸ் ஜீப்பில் ஏறினாள். சாட்சி சொன்னதற்கு வருத்தப்பட்டாளா என்றால், பல நாள் வருத்தப்பட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் அதற்கும் வருத்தப்பட்டிருப்பாள். ஆனால் அந்த ஜீப்பில் திரும்பிப் பார்க்காமல் ஏறினதற்கு வருத்தப்படாத நாளே இல்லை.

அவளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு ஸ்வப்னா என்கிற போலீஸ்காரிக்கு. நல்ல பெண். "சேச்சி, கண்ணூரு பக்கம் பத்திரமான எடம் உண்டு" என்று முதலிலேயே சொன்னாள்.

"அவ்வளவு தூரம் போனா மகளுக்க கலியாணத்துக்கு நான் எப்பிடி வாறது?" என்று கேட்டாள் ஆனந்தபாய்.

உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் கல்யாணத்துக்கு பஸ் வசதி பார்க்கிறாள். ஸ்வப்னா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில், மலையோரத்து ஆள் யாரும் எட்டிப் பார்க்காத கடற்கரைப் பக்கம் என்று காஞ்சிரங்குளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தாள். மகளுக்கு போன் செய்யக் கூடாது, இருக்கிற இடம் அவளுக்கும் தெரியக் கூடாது என்பது கட்டளை.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை சபையிலும் வாசிக்க வேண்டும், பெண் சபையிலும் வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். பேர் வாசிக்கிறபோது அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பது வழக்கம். அம்பூரியிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

அவள் இங்கே வந்து சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் முதல் ஓலை வாசித்தார்: "நமது சபையைச் சேர்ந்த மோசஸ், ரோஸ்லெட் இவர்களின் குமாரன் அனிலுக்கும், பாறசாலை சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற ஜெயசிங், ஆனந்தபாய் இவர்களின் குமாரத்தி லிஜிக்கும்..."

சரோஜம் எழுந்து நின்றுவிட்டாள்.

யோசித்து நிற்கவில்லை. தன் பேரையும் மகள் பேரையும் சேர்த்துச் சொன்னதும் கால் தானாக எழுந்தது. முன்பெஞ்சில் மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் சார்பாக, கடைசி பெஞ்சில் பள்ளி பெருக்குகிறவள் நின்றுகொண்டிருந்தாள். சுயநினைவு வந்ததும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். திரும்பிப் பார்த்தது மாப்பிள்ளையின் அம்மா ரோஸ்லெட் மட்டும்தான்.

மத்தியானம் ரோஸ்லெட், கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் பேசவேண்டும் என்று அவளைத் தேடிப் பள்ளிக்கு வந்தாள். பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ எதுக்கு எழும்பி நின்ன, சரோஜம்?"

"காலு மரத்துப்போச்சு, அக்கா."

ரோஸ்லெட் பெஞ்சில் உட்கார்ந்தாள். "பிள்ளைய எனக்குப் பிடிச்சுப் போச்சு. அம்மைக்காரிய நெனச்சாத்தான் ஒரு சம்சயம். மகளைப் போட்டுட்டு எங்கயோ போனவளாக்கும்னு ஆளுகள் பறையுது. எங்க வீட்டுக்காரருக்கு அதுல மனசு சரியில்ல. வேண்டாம்னு வச்சிருலாமான்னு கேக்காரு."

ஆனந்தபாய்க்கு, நான்தான் அந்த அம்மை, மகளைப் போட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஒரே வாரத்தில் பேச்சு அம்பூரி வரைக்கும் எட்டிவிடும். ஜாமீனில் இருப்பவன் ஆள் அனுப்புவான். வருகிறவன் முதலில் தட்டுவது லிஜி வாழப்போகிற வீட்டுக் கதவை.

"அம்மை போனவதான். அதுல பொய் இல்ல" என்றாள். "அதுக்கு மக என்ன செய்யும்? அது நல்ல பிள்ளையாக்கும், அக்கா. கோபம் வந்தா ரெண்டு வாக்கு கூடச் சொல்லும். மனசுல ஒண்ணும் வைக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

ரோஸ்லெட் பெஞ்சிலிருந்து எழுந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "அவருட்ட நான் பேசிக்கிடுதேன். கலியாணம் நடக்கும்" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "அவளுக்க அம்மைய எங்கயாவது கண்டா சொல்லு. பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்" என்றாள்.

ரோஸ்லெட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லமாட்டாள் என்பது ஆனந்தபாய்க்கும் தெரிந்தது. ஆனால் அது போதாதே. கல்யாணம் முடிந்தால் லிஜி ஞாயிறுதோறும் இதே பள்ளிக்கு வருவாள். பார்த்த மாத்திரத்தில் "அம்மா" என்று கூப்பிடுவாள், இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டில் எது நடந்தாலும் ஊர் பார்க்கும். மகளின் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்றுதானே கிட்டத்தில் தங்கினாள். அந்தக் கிட்டம்தான் இப்போது மகளுக்கு ஆபத்து.

இரண்டாவது ஓலை வாசித்தபோது பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே ஸ்வப்னாவைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கண்ணூரு எடம் இப்பமும் உண்டா?"

"என்ன ஆச்சு, சேச்சி?"

"மக வாறா. நான் போணும்."

சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிக நேரம் பள்ளியைத் துடைத்தாள். பெண் வந்து நிற்கப்போகிற இடத்தை முந்தானையாலும் ஒரு தடவை துடைத்தாள்.

மறுநாள் காலையில் நெய்யாற்றின்கரையில் ரயில் ஏறினார்கள். ஸ்வப்னா சாதாரண சுடிதாரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள். கொல்லம் தாண்டியது. இந்நேரம் ஆராதனையில் மூன்றாவது ஓலை வாசிக்கும் கட்டம் வந்திருக்கும். ஆனந்தபாய் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"அடுத்த ஸ்டேஷனா, சேச்சி?" என்று கேட்டாள் எதிரே இருந்த பெண்.

"இல்ல. எனக்க மகளுக்கு இப்ப பள்ளியில ஓலை வாசிக்கும். நான் எழும்பி நிக்கணும்."

ஸ்வப்னா அவளைத் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசித்து, தடை உண்டா என்று கேட்டு முடிந்திருக்கும் என்று தோன்றுகிற வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, ஆனந்தபாய் உட்கார்ந்தாள்.