தெளிந்த தண்ணீர்

கல்மண்டபம் பகுதியில் குடியிருக்கும் ஜெரினா ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். கண்ணாடிச் சாமான் கழுவுவதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை.

போன தை மாதம் வியாசர்பாடியிலிருந்து எழில்மொழி ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்காக ஜெரினா தினமும் காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கி, வலையில் சிக்கிய கடல் முள்ளெலிகளை வாளியிலும் கடல்தண்ணீரை இரண்டு கேன்களிலும் கொண்டுவருவாள். உடம்பெல்லாம் முள்ளாக, பந்துபோல் இருக்கும் அந்த உயிர்களுக்கு எழில்மொழி ஊசி போடுவாள். பெண் மஞ்சளாக முட்டை விடும். ஆண் பாலாக விந்து விடும். முட்டை ஊறிய தண்ணீரை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து விந்துத் துளிக்குள் வைத்தால், விந்தணுக்கள் குழாயின் வாயில் வந்து மொய்க்கும். முட்டையைச் சுற்றியிருக்கும் கூழிலிருந்து ஏதோ ஒன்று கரைந்து அவற்றை இழுக்கிறது. வெறும் கடல்தண்ணீர்க் குழாயிடம் அவை போகக் கூடாது.

போயின. மூன்று வாரமாகப் போயின.

"இன்னாக்கா இது? ஒண்ணுமே இல்லாத தண்ணிக்கு எதுக்கு ஓடியாருது?" எழில்மொழி நோட்டை மூடினாள். "புரொபசர் சாரு என் கைமேலதான் சந்தேகப்படறாரு."

ஜெரினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் டோல்கேட் ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து விழுந்ததிலிருந்து அவளுக்குத் தோள்வலி. இரண்டு கேன் தூக்க முடியாமல் ஒன்றுதான் கொண்டுவந்தாள். அது போதாததால், முட்டைகள் அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்து நின்ற தண்ணீரை இறுத்து, 'வெறும் தண்ணீர்' பாட்டிலில் ஊற்றி நிரப்பிவந்தாள். பார்வைக்கு அது சுத்தமாகத்தான் இருந்தது.

சொன்னால் வேலை போய்விடும் என்று ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை சொல்லிவிட்டாள்.

எழில்மொழி கத்தவில்லை. "மூணு வாரங்க்கா," என்றாள். பாட்டிலைக் கழுவித் துறைமுகத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். இந்த முறை அந்தக் குழாயின் வாயில் ஒன்றும் கூடவில்லை.

சாயங்காலம் எழில்மொழி பேராசிரியரிடம், "தண்ணி மாறிப்போச்சு சார். என் தப்புதான்," என்றாள்.

பக்கத்தில் நின்ற ஜெரினா குறுக்கிட்டாள். "அவ இல்ல சார், நான்தான் மாத்தி ஊத்தினேன். கேனு தூக்க முடில."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார். மூன்று வாரக் கணக்கையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஜெரினாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பெண்களும் காசிமேட்டிலிருந்து ஆளுக்கொரு கேனோடு பஸ் ஏறினார்கள்.