பக்கத்து இருக்கை

கட்டைவிரல்கள் ரெக்சினின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க, வளைந்த ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. கடைசித் தையல். நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்து, உள்ளங்கையால் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். மேடு பள்ளம் இல்லை.

கார் இருக்கை தைக்கும் இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய இருக்கைகளைப் பிரித்துப் பிரித்தே கற்றாள். நைந்த இடத்தைப் பார்த்தே உட்கார்ந்தவரைச் சொல்லிவிடுவாள். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைப்பவர், முதுகு பிடித்தவர், பிரேக்கைக் கண்டால் பயப்படுபவர். இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை என்பதால், அவள் உட்கார்ந்தால் பாரமெல்லாம் வலப்பக்கம் இறங்கும். சும்மா இருக்கும் இடக்கை, இருக்கையின் ஓரத்தில் கயிறுபோல் ஓடும் பைப்பிங்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது தைத்து முடித்த இருக்கை இருக்கும் சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார் அவள் தம்பியுடையது. இரண்டே இருக்கை. அவன் பள்ளி வேன் ஓட்டுகிறான். வேகம் நாற்பதைத் தாண்ட விடாத கருவி பூட்டிய வேன் என்பதால் பிள்ளைகள் அவனுக்கு 'நாப்பது' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு நாளாவது வேகமாகப் போக வேண்டும் என்று சேர்த்துவைத்தவன்.

பழைய கார் வியாபாரி முதலில் மசியவே இல்லை. "சீட்டு கிழிஞ்சிருக்கு, குறைச்சுக்கங்க" என்று தம்பி நச்சரித்தான். "பைசா குறையாது தம்பி." அப்போதுதான் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி முற்றத்தைக் கடந்து வந்தாள். வியாபாரி பேச்சை நிறுத்தினார். அவள் நடையையே பார்த்தார். பிறகு, யாரும் மறுபடி கேட்காமலே, பாதி விலையைச் சொன்னார்.

"பாத்தியாக்கா? நான் முறைச்ச ஒரே முறைப்புல மனுஷன் சுருண்டுட்டாரு" என்று, காரைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் தம்பி பீற்றிக்கொண்டு வந்தான். "சீட்டை மட்டும் நீ தைச்சுக் குடு. முத ரவுண்டு நீதான் என் பக்கத்துல."

இரண்டு இருக்கையையும் தைத்து முடித்த மறுநாள் காலை பட்டறையைத் திறந்தபோது, ஓட்டுநர் இருக்கை தைத்தபடி இருந்தது. பக்கத்து இருக்கை அமுங்கியிருந்தது.

ஃபோம் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினாள். பிரித்து, கெட்டியான ஃபோம் வைத்து, மறுபடி தைத்தாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள். அதே பள்ளம். வலப்பக்கம் ஆழம், இடப்பக்கம் மேலோட்டம். சற்றுமுன் தைத்த பைப்பிங், இடது ஓரத்தில் பஞ்சு பஞ்சாக நைந்திருந்தது.

இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. திரும்பினாள். சுவரோரம், வேலை செய்யும்போது அவள் உட்காரும் நாற்காலி. வலப்பக்கம் ஆழம். இடது ஓரம் நைந்திருந்தது.

அந்தக் காரில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

வியாபாரிக்குப் போன் செய்தாள். "இதுக்கு முன்னாடி யாராவது இதை வாங்கித் திருப்பிக் குடுத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"வண்டியில ஒரு குறையும் சொல்லலம்மா. பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி இருக்காம். ஒண்ணும் செய்யாதாம். சும்மா, யாருக்கோ இடம் பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி."

"என்னைப் பாத்ததும் ஏன் விலையைக் குறைச்சீங்க?"

"நானும் ஒரு நாள் அதுல உட்கார்ந்தேன்மா. உடம்பு தானா ஒரு பக்கம் சாஞ்சுது. இறங்கி நடந்தா, கொஞ்ச தூரம் காலு இழுத்துக்கிட்டே வந்துது. அன்னைக்கு நீங்க நடந்து வந்தீங்க பாருங்க..." முடிக்காமல் வைத்துவிட்டார்.

வெயில் வாசலிலிருந்து நகர்ந்து காரின்மேல் ஏறும்வரை அவள் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அவள் பேச்சை அவன் தட்டியதில்லை. அதற்கப்புறம் எதற்கும் ஆசைப்படவும் மாட்டான். நாற்பதிலேயே நின்றுவிடுவான்.

அந்த இருக்கையில் இருக்கும் எதுவோ, அதற்கு அவன் வேண்டாம். வேண்டியது யார் என்று பள்ளமே சொல்லிவிட்டது.

ஸ்பேனரை எடுத்து, பக்கத்து இருக்கையின் போல்ட்டுகளைக் கழற்றினாள். வெறும் இருக்கை, ஆளைத் தூக்குவதுபோல் கனத்தது. அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். காலியான இடத்துக்குப் பலகை அறுத்து, கம்பளம் ஒட்டி, ஓரம் மடித்துத் தைத்தாள். பிசிறில்லாமல் வந்தது.

சாயங்காலம் வேனை விட்டுவிட்டு ஓடிவந்த தம்பி எட்டிப்பார்த்தான்.

"என்னக்கா இது, ஒத்த சீட்டு?"

"ரேஸ் வண்டி அப்படித்தான்டா. பக்கத்துல உட்கார்ந்து மெதுவாப் போன்னு சொல்ல ஆள் இருக்காது."

"அப்ப நீ எங்க உட்காருவ?"

"நான் நடந்தே பழகினவ."

அவன் மூலையில் கிடந்த இருக்கையைப் பார்த்தான். "அது?"

"எனக்கு அளவா இருக்கு. இங்கயே இருக்கட்டும்."

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்; பிடியை விடவில்லை.

"விடுக்கா" என்றான் தம்பி சிரித்துக்கொண்டே.

விட்டாள்.