கோயில் இல்லை, ரொட்டிக்கூடம்

எங்கள் தெர்மெஸ் நகர அருங்காட்சியகத்தில் சேமிப்பறைச் சாவி என்னிடம் இருக்கிறது. ஆனால் காலையில் எனக்கு முன்பே வந்து கதவருகே நிற்பவர் தொல்லியல் பேராசிரியை ஹோசியத். ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் ஆகிறது. வெயில் நாற்பத்தைந்தைத் தொடும் நாளிலும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பச்சைத் தேநீர் நிறைந்த பிளாஸ்க்கோடு வந்துவிடுவார். இளம் வயதில் அவர் தோண்டிய கும்தெப்பா மேட்டின் ஓடுகள் முந்நூறு பைகளில் பிரிக்கப்படாமலே கிடந்தன. சம்பளம் இல்லை, செய்யச் சொல்வாரும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, எண் எழுதி, ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த மேடுதான். அங்கே கிடைத்த சாம்பலும் கரிபடிந்த சுவரும் நெருப்புக் கோயிலுடையவை என்று 1983இல் எழுதினார். அது பாடநூலிலும் ஏறியது. மேட்டின் மறுபக்கத்தைத் தோண்டிய துர்சுன்மத் மட்டும் அது ரொட்டி சுட்ட இடம் என்றார். கருத்தரங்கில் யாரோ "துர்சுன்மத்துக்குப் பசி போல" என்று சொல்ல, அரங்கமே சிரித்தது. அதன்பின் அவர் கட்டுரை எதுவும் வெளியிடவில்லை. கல்லூரியில் பாடம் மட்டும் நடத்தி ஓய்வு பெற்றார்.

போன அக்டோபரில் ஒரு நாள் ஹோசியத் என்னைக் கூப்பிட்டார். கையில் இரண்டு சுடுமண் துண்டுகள். ஒன்று, 'சிலையின் பாதம்' என்று அவரே பதிவு செய்தது. மற்றது துர்சுன்மத்தின் குழியில் கிடைத்து, பிரிக்காத பையில் இருந்தது. இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தின. சேர்ந்ததும் கைப்பிடி வைத்த ஓர் அச்சு. அடியில் வட்டவட்டமாகக் கூர்முனைகள். எங்கள் வீடுகளில் சுடுமுன் ரொட்டியின் நடுவில் குத்துவோமே, அதேதான்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகம் அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு விழா எடுக்கவிருந்தது. "விழா முடியட்டுமே, தோம்லா" என்றேன். பேராசிரியர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"முடியறவரைக்கும் மேடையில உக்காந்து பொய் சொல்லவா?" என்றார்.

மறுநாளே ஷேர் வேன் பிடித்து துர்சுன்மத்தின் வீட்டுக்குப் போனோம். திராட்சைக் கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஹோசியத் அச்சை அவர் கையில் வைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி, அண்ணே. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு நாப்பது வருஷமாம்மா? உங்க வீட்டுல ரொட்டியே சுடுறதில்லையா?"

"அன்னிக்குச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி."

"தெரியும். மூணாவது வரிசையில நீ இருந்தே." அச்சை ஹோசியத்திடம் திருப்பித் தந்துவிட்டு, மதியப் புலாவுக்கு இன்னும் இரண்டு பேர் என்று உள்ளே மனைவியிடம் சொன்னார்.

விழாவில் ஹோசியத் நன்றியுரைக்குப் பதிலாகத் தன் புதிய கட்டுரையைப் படித்தார். எழுதியவர்களில் முதல் பெயர் துர்சுன்மத்துடையது, இரண்டாவதுதான் தன்னுடையது. கோயிலைப் பார்க்க வரும் பயணிகள் குறைந்துவிடுவார்களே என்று எங்கள் இயக்குநர் என் காதில் முனகினார். படித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹோசியத்துக்குப் போர்த்தியதுபோல், அரங்கில் இருந்த துர்சுன்மத்துக்கும் மரியாதைக்குப் பட்டு மேலங்கி போர்த்த வேண்டும் என்று அவசரமாக ஆள் அனுப்பினார்கள். வந்தது இரண்டு அளவு பெரிது. அதைக் கழற்றாமலே வீடுவரை போனார்.

கட்டுரை தலைநகரத்து இதழில் வந்தது. பாடநூலிலும் அந்தப் பத்தி மாறிவிட்டது. பயணிகள் குறையவில்லை, ரொட்டிக்கூடத்தையும் பார்க்க வருகிறார்கள். இப்போது சேமிப்பறையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். மேட்டில் இருந்தது இரண்டு அடுப்பா மூன்றா என்று இருவருக்கும் ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது. இன்னும் அறுபது பை பாக்கி.