அண்டா நிறையப் பந்தா

பந்தா என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: அம்மா. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும், இருப்பதைப் பத்து மடங்காகக் காட்டுவதும் பந்தா. அப்பா அதைத் திட்டாகவும் சொல்வார், சிரித்துக்கொண்டே கொஞ்சலாகவும் சொல்வார்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். சித்தியைப் பெண் பார்க்க வேங்கிக்காலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அன்று பௌர்ணமி. மலை சுற்றும்போதே அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் ‘வசதி கம்மி’ என்று தட்டிப்போயிருந்ததால், அம்மா இந்த முறை விடுவதாக இல்லை. வாசலில் சாமியானா போட்டாள். கல்யாண அண்டா ஒன்றை இரவல் வாங்கி, அதன் அடியில் இரண்டு கிலோ ரவையில் கிண்டிய கேசரியைப் பரப்பி, பக்கத்தில் தொன்னைகளை மலைபோல் அடுக்கினாள்.

“பொண்ணு பாக்கத்தானே வராங்க? இன்னாத்துக்கு இந்தப் பந்தா?” என்றார் அப்பா.

“நீங்க கம்முனு இருங்க. வரவங்களுக்குக் கண்ணு நிறையட்டும்.”

ஈ ஓட்ட என்னை உட்காரவைத்துவிட்டு, சித்திக்குத் தலை பின்ன அம்மா உள்ளே போனாள். எங்கள் வாசல்தான் கிரிவலப் பாதை. பௌர்ணமியன்று அங்கே சாமியானாவும் அண்டாவும் தொன்னையும் இருந்தால் அது அன்னதானம்தான், வேறென்ன? ஒரு பெரியவர் வந்து கை நீட்டினார். “பிரசாதமாம்மா?”

மலை சுற்றுகிறவரிடம் இல்லை என்றால் சாமி அடிக்கும். கொடுத்தால் அம்மா அடிப்பாள். அம்மாவின் அடி எனக்குப் பழக்கம். சாமியின் அடி எப்படியிருக்குமோ! கொடுத்துவிட்டேன்.

அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. “லைன்ல வாங்க, தள்ளாதீங்க” என்று யாரோ தானாகவே ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். கடைசியில் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டி நிரப்பிய தொன்னையை, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாளிடம் நீட்டினேன். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “பொண்ணு வீடு இதானே?” என்றார். பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

சரியாக அப்போது அம்மா வாசலுக்கு வந்தாள். காலி அண்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சித்தியின் கல்யாணம் என்னால் நின்றுபோயிற்று என்று நினைத்து அண்டாவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“வாங்க, வாங்க. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் குடுக்கறதுதாங்க. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி” என்றாள் அம்மா, கண் இமைக்காமல்.

அப்பாவுக்குப் புரையேறியது.

மாப்பிள்ளையின் அம்மா அண்டாவை எட்டிப் பார்த்தார். “அப்பிடிங்களா! நல்ல மனசுங்க” என்று சிரித்தார். காபியை மட்டும் குடித்துவிட்டு, தன் கையாலேயே சித்திக்குப் பூ வைத்தார். அவர்கள் போனதும் சித்தி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

சிக்கல் அடுத்த பௌர்ணமிக்குத்தான் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! காலையிலிருந்து அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். முன்வாசலை விட்டுவிட்டுப் பின்கட்டுக் கதவைத் தட்டினார். ஐந்து கிலோ ரவையையும் சர்க்கரையையும் அம்மாவிடம் கொடுத்து, “எங்க பங்கும் இருக்கட்டும் சம்பந்தி. யாருக்கும் சொல்ல வேணாம்” என்றார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேங்கிக்காலில் ரவை மலிவு போலிருக்கிறது, இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டே தொன்னைகளை அடுக்கப் போனேன்.